தலைமன்னாரில் நின்றுபோகும் ஆய்வுகள்

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டன. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய, இந்திய வம்சாவளி மலையகத் தோட்டத் தொழிலாளர்களைத்தான் இப்படிப் பிரித்தார்கள். அவர்களையோ அவர்களுடைய தொழிற்சங்கங்களையோ கேட்டுச் செய்த முடிவல்ல இது. பின்னர் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை.

இந்த வெளியேற்றம் பற்றி எழுதப்பட்டவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒரு குறை உறுத்தும். இலங்கைப் பக்கத்து எழுத்து பெரும்பாலும் அவர்கள் கப்பலேறிய தலைமன்னார் துறையோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்து எழுத்து, வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் தொடங்குகிறது. நடுவில் இருப்பது சில மணி நேரக் கடல் பயணம்தான். ஆனால் அங்கேதான் குடும்பங்கள் அறுந்தன.

இலங்கைப் பக்கத்தில் சட்ட வரலாறு வலுவாக எழுதப்பட்டிருக்கிறது. வள்ளி கணபதிப்பிள்ளை 2009 இல் வெளியிட்ட நூல் குடியுரிமைச் சட்டங்களையும் நாடற்ற நிலையையும் விரிவாக ஆராய்கிறது. இந்தியா கடல்கடந்த தன் மக்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை சகாதேவனின் நூல் பேசுகிறது. இலக்கியம் இன்னும் முன்பே விழித்துக்கொண்டது. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரைப் படிக்காமல், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் வாழ்க்கையை அறிய முடியாது. புள்ளிவிவரம் மட்டும் படித்துவிட்டு மலையகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களின் கையில் இவர்களுடைய எழுத்தைக் கொடுக்கத் தோன்றும்.

குடும்பம் எப்படி உடைந்தது? குடியுரிமை விண்ணப்பம் கேட்டது, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்ற சிறிய கூட்டைத்தான். லயத்தில் குடும்பம் அப்படி இருக்கவில்லை. மணமான மகன் அடுத்த காம்பிராவில் (லய அறையில்) இருப்பான், கட்டிக்கொடுத்த மகள் பக்கத்து டிவிஷனில் இருப்பாள், தகப்பனின் தம்பி மேல் லயத்தில் இருப்பார். பெற்றோர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்க, மகன் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தான். 1973-74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. தோட்டங்கள் தேசியமயமானதில் பலர் வேலையும் இழந்தனர். அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களையும் அந்த ஆண்டுகள் கப்பலேற்றின. ஹட்டன், நானுஓயா ரயில் நிலையங்களில் தலைமன்னார் போகும் கோச்சியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுத கூட்டத்தைப் பற்றி மலையகத்தில் இன்றும் சொல்கிறார்கள். ஆய்வுகளில் அது ஒரு வரியாக வந்து போகிறது.

இராமேசுவரம் கரையிலிருந்து அடுத்த தொகுதி எழுத்துகள் ஆரம்பிக்கின்றன. இவோன் ஃப்ரீஸும் தாமஸ் பிபினும் 1984 இல் எழுதிய ‘தி அன்டிசைரபிள்ஸ்’ இரு கரையையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்த அரிய முயற்சி. வேதவல்லி கோத்தகிரியில் குடியேறியவர்களின் சமூக, பொருளாதார நிலையை ஆராய்ந்தார். மறுவாழ்வுக்கு அரசு செய்தவையும் பதிவாகியிருக்கின்றன. 1968 இல் நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம் பின்னர் டான்டீ என்ற கழகமானது. 1969 இல் ரெப்கோ வங்கி வந்தது. கன்னியாகுமரி, புனலூர், சுள்ளியா, நிக்கோபாரின் கச்சால் தீவு ஆகிய இடங்களில் ரப்பர்த் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள்.

இவை எல்லோருக்கும் எட்டவில்லை. பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சிறு வணிகக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரிடம் மளிகைக் கடை வை என்று சொன்ன திட்டம் அது. இதில் பெண்கள் இழந்ததை ஆய்வுகள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து. தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பேர், அதாவது அன்றைய கூலி, விழும். அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. இங்கே குடும்பத்துக்கு ஒரு கடன், அதுவும் குடும்பத் தலைவரின் பெயரில். தாயகம் திரும்பியோர் கையில் வைத்திருந்த குடும்ப அட்டையில் பெயர், வயது, உறவுமுறை எல்லாம் உண்டு. ஒரு பெண் நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறித்தாள் என்பதற்கு அதில் இடமில்லை.

கடனைத் தின்று தீர்த்தவர்கள் பூர்வீக ஊர் தேடிப் போனார்கள். அங்கே நிலமில்லை, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை, சாதி மட்டும் விட்ட இடத்திலேயே இருந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகளும் பிற்படுத்தப்பட்டவர்களும் என்பதை மறுவாழ்வுத் திட்டங்களைப் பற்றிய அறிக்கைகள் ஓரமாகத்தான் சொல்கின்றன. சமவெளியில் பிழைக்க முடியாதவர்கள் தெரிந்த தொழிலைத் தேடி மலை ஏறினார்கள். கொடைக்கானல் மலைக் காடுகளில் சிலர் கொத்தடிமைகளானார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் குடியேறியவர்களில் பலர் 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17 ஆம் பிரிவில் வரும், உரிமை தீராத நிலங்களில் வீடு கட்டினார்கள். பட்டா கிடைக்கவில்லை, பட்டா இல்லாததால் பல வீடுகளுக்கு நீண்ட காலம் மின் இணைப்பும் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த நிலங்களின் வழக்கு முடியவில்லை.

எல்லோரும் கப்பலேறவும் இல்லை. 1984 இல் போர்ச் சூழலில் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றபோது இந்தியக் குடியுரிமை பெற்ற சுமார் 84,000 பேர் இலங்கையிலேயே சிக்கியிருந்தார்கள். இன்னொரு பக்கம், 1977 இலும் 1983 இலும் நடந்த இனவன்முறைகளில் தோட்டங்களைவிட்டு வன்னிக்கு ஓடிய மலையகத்தவர்கள் அங்கும் போர் துரத்த, அகதிகளாகப் படகேறித் தமிழ்நாடு வந்தார்கள். ஒப்பந்தப்படி வந்த அண்ணன் இந்தியக் குடிமகன். படகில் வந்த தம்பி முகாம்வாசி. சூரியநாராயணும் சுதர்சனும் 2000 இல் அகதிகளைப் பற்றி எழுதிய நூலைத் தாயகம் திரும்பியோர் பற்றிய நூல்களோடு சேர்த்து யாரும் வாசிப்பதில்லை. ஆய்வுத் துறையிலும் அகதி ஒரு தலைப்பு, தாயகம் திரும்பியவர் வேறொரு தலைப்பு. 2019 இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இந்தியக் குடியுரிமை கேட்டுப் போன 65 பேரின் வழக்கு இந்தப் பிரிவினையின் அபத்தத்தை வெளிக்கொண்டுவந்தது. தாங்கள் இந்திய வம்சாவளியினர் என்பதுதான் அவர்கள் வாதம். அவர்களுடைய புதிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

டான்டீயில் வேலை கிடைத்தவர்களும் தப்பவில்லை: 2022 இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் கழகத்தின் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடி வந்தது. வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்தும் சொந்தமாக ஒரு வீடு இல்லாதவர்கள் அவர்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டார்கள். ஆகவே இனி செய்ய வேண்டிய ஆய்வுக்குக் களம் மூன்றாகிவிட்டது: ஹட்டன், கூடலூர், திருப்பூர்.

அதைச் செய்ய நாள் அதிகமில்லை. 1970 இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். மண்டபம் முகாமின் பதிவேடுகளையும் வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் குடும்ப அட்டைகளையும் கடிதங்களையும் தோட்டங்களின் செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவு) புத்தகங்களோடு வைத்து ஒப்பிட வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார், உடன்பிறந்தவர்கள் எங்கே தங்கினார்கள், கடிதம் எந்த ஆண்டோடு நின்றது என்று பெயர் பெயராகக் கேட்டு எழுத வேண்டும். ஹட்டனிலும் கூடலூரிலும் திருப்பூரிலும் ஒரே நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடக்கிற வேலை இது.