எச்.ஐ.வி. சட்டமும் 'முடிந்தவரை' என்ற சொல்லும்

2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தை முழுசா உட்கார்ந்து படித்தேன். நல்ல சட்டம்னு பலரும் சொல்கிறார்கள். பாதிதான் ஒத்துக்க முடிகிறது. ஏன்னு சொல்றேன்.

முதலில் பின்னணி. 1989 பிப்ரவரி, கோவா. டொமினிக் டிசோசா என்ற இளைஞர் வழக்கமாக ரத்ததானம் செய்பவர். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் போலீஸ் கூட்டிப்போய், பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாட்கள் அடைத்து வைத்தார்கள். அவர் செய்த குற்றம்னு எதுவும் இல்லை. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது. அவருடைய அம்மா வழக்குப் போட்டார். அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்றது மும்பை உயர்நீதிமன்றம்.

அதே நீதிமன்றம் 1997-ல் வேறு மாதிரி பேசியது. வேலை செய்யத் தகுதியுள்ள ஒருவரை எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்றது. பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் அவரை அனுமதித்தது.

2017 சட்டம் இந்த இரண்டாவது வழியில் வந்தது. வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதிலும் பாகுபாடு கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது. புனைபெயரில் வழக்காடலாம் என்ற 34-வது பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயந்தே கோர்ட்டுப் படி ஏறாதவர்களை நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

சிக்கல் 14-வது பிரிவில். பரிசோதனை வசதி, ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இதையெல்லாம் அரசு 'முடிந்தவரை' வழங்க வேண்டுமாம். எங்க சாஃப்ட்வேர் துறையில் சேவை ஒப்பந்தத்தில் இப்படி எழுதினால், சர்வர் விழுந்தாலும் யாரும் பொறுப்பில்லைன்னு அர்த்தம்.

அரசிடம் பணம் அளவாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2004 ஏப்ரலிலிருந்தே அரசு இந்த மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. பல வருஷமா செய்துவரும் வேலையைக் கடமைன்னு எழுத ஏன் தயக்கம்?

இது வெறும் சொல் சண்டை இல்லை. இந்த மருந்தை வாழ்நாள் முழுக்க, தினமும் சாப்பிடணும். விட்டால் கிருமி மறுபடி பெருகும்; மருந்துக்கு அடங்காத வகையாக மாறவும் வாய்ப்புண்டு. 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு என்று சொல்லி, தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகம் முன்னால் 40 நாட்களுக்கு மேல் நோயாளிகள் உட்கார்ந்தார்கள். நாட்டில் போதிய கையிருப்பு இருக்கிறது என்றது அரசு. சட்டம் வந்து நாலு வருஷம் கழித்தும் அவர்கள் தெருவில்தான் உட்கார வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவைச் சொல்லி வழக்குப் போடலாம்தான். அந்த வழி இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே இருந்ததே!

இன்னொன்று. பாகுபாடு காட்டினால் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 30 நாளில், அவசர சிகிச்சை என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில், அவர் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவையும் மீறினால்தான் 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் நாளுக்கு 5,000 வரை. பெரிய தனியார் மருத்துவமனைக்கு அந்தப் பத்தாயிரம் ஒரு நாள் அறை வாடகை.

புதுசா ஒரு சட்டம் வேண்டாம். 14-வது பிரிவில் அந்த ஒரு சொல்லை எடுத்தாலே போதும், மருந்து கிடைக்காத நோயாளி அதைக் காட்டிக் கேட்க முடியும். சட்டத்தைப் படிக்கிறவர்கள் 14-ஐயும் 38-ஐயும் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.