ருசி பார்க்கும் கமிட்டி

மிஷெல் ஹுனெவன் 2022-ல் எழுதிய நாவலின் பெயர் 'சர்ச்'. தேடல் என்ற பொருளில். தமிழில் எழுதினால் தேடலும் தேவாலயமும் ஒரே எழுத்துகளாகிவிடுகின்றன. ஆங்கில வாசகனுக்குக் கிடைக்காத சிலேடை. நாவலும் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

தென் கலிஃபோர்னியாவில் ஒரு யூனிட்டேரியன் யூனிவர்சலிஸ்ட் சபை. கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக்கூடிய இடம். போதகர் ஓய்வு பெறப்போகிறார், புதியவரைக் கண்டுபிடிக்க எட்டுப் பேர் கொண்ட குழு. நம்மூர் வாசகர் இங்கேயே கொஞ்சம் முழிப்பார். சி.எஸ்.ஐ.யில் ஆயரை மக்கள் தேடுவதில்லை, திருமண்டலத்திலிருந்து மாறுதல் ஆணை வரும், சால்வை போட்டு வரவேற்க வேண்டியதுதான். தேர்தல் சூடெல்லாம் திருமண்டல நிர்வாகத்துக்கு.

அந்தச் சபைக்கோ மேலிருந்து யாரும் ஆள் அனுப்பமாட்டார்கள். விண்ணப்பம், நேர்காணல், அப்புறம் சம்பந்தமே இல்லாத ஒரு மூன்றாவது சபையில் வேட்பாளரைப் பிரசங்கம் செய்யச் சொல்லி, குழு அங்கே போய்க் கேட்கும். அவர் வேறு வேலை தேடுவது சொந்த சபைக்குத் தெரியக்கூடாதில்லையா! உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டு இன்டர்வியூவுக்குப் போன எல்லோருக்கும் இது புரியும். கடைசியில் முழுச் சபையும் வாக்களிக்கும்.

கதைசொல்லி டேனா ஓர் உணவு விமர்சகர். ஹுனெவனும் உணவு விமர்சனம் எழுதியவர்தான். இந்தப் பொருத்தம்தான் நாவலின் உயிர் என்று நினைக்கிறேன். தட்டில் வைத்ததை ருசித்துத் தீர்ப்பு சொல்வது டேனாவின் தொழில். அதே நாக்கோடு பிரசங்கங்களையும் ருசிக்கிறாள். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை. ஆனால் போதகரின் வேலையில் பாதி நமக்குப் பிடிக்காததைச் சொல்வது. தேர்வு நடக்கும் நாட்களிலோ நமக்குப் பிடித்ததை மட்டும் சொன்னால்தான் அவருக்கு வேலை கிடைக்கும். நம்மைக் கண்டிக்க வேண்டியவரை நாமே ருசி பார்த்து எடுத்தால் எப்படிப்பட்டவர் வந்து சேருவார்? எட்டு நாக்குக்கும் ஒத்துப்போகிற சமையல் எப்படி இருக்கும் என்று ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

குழு வயது வாரியாகப் பிளக்கிறது. பெரியவர்களுக்கு அனுபவம் வேண்டும், இளையவர்களுக்கு மாற்றம் வேண்டும். ஐ.டி. கம்பெனி இன்டர்வியூ பேனலில் உட்கார்ந்த எனக்கு இந்தப் பகுதிகள் கூசின. 'கல்ச்சர் ஃபிட்' என்று நாங்கள் ஒருவரைத் தட்டிக்கழிப்போமே, அதையேதான் இவர்கள் ஆன்மிகச் சொற்களில் செய்கிறார்கள். யாரும் கெட்டவர் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

என் புகார் வேறு இடத்தில். டேனா குழுவில் சேர்ந்ததே அடுத்த புத்தகத்துக்கு விஷயம் கிடைக்கும் என்றுதான். மற்றவர்கள் நாலு சுவருக்குள் என்று நம்பிப் பேச, இவள் மனசுக்குள் நோட்ஸ் எடுக்கிறாள். நாம் கையில் வைத்திருப்பது அந்தப் புத்தகம்தான், கடைசியில் சமையல் குறிப்புகளோடு. வேட்பாளர்களை இவ்வளவு நுணுக்கமாக எடைபோடுகிற நாவல், இவளை மட்டும் நகைச்சுவைக் குடைக்குள் நனையாமல் கூட்டிப்போகிறது.

ஆன்டனி ட்ரோலப்பின் 'பார்செஸ்டர் டவர்ஸ்' (1857) முதல் அத்தியாயத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பிஷப்பைத் தீர்மானிப்பது பிரதமர். கிழட்டு பிஷப் சாகக் கிடக்கிறார். மந்திரிசபை கவிழப்போகிறது. அதற்குள் அப்பா இறந்தால் பதவி மகனுக்கு. படுக்கையோரம் உட்கார்ந்திருக்கும் மகன், அப்பா சாக வேண்டும் என்றா ஆசைப்படுகிறோம் என்று தன்னையே கேட்டுவிட்டு, மண்டியிட்டு மன்னிப்பு கேட்கிறான். சில பக்கங்கள்தான். டேனாவுக்கு அப்படி ஒரு மண்டியிடலை ஹுனெவன் கொடுத்திருக்கலாம். ட்ரோலப் அதோடு விடுவதுமில்லை. அப்பா இறந்ததும் அந்த மகன் முதலில் யோசிப்பது பிரதமருக்குத் தந்தி. தன் பெயரில் அனுப்பினால் நன்றாக இருக்காது என்று மாமனார் பெயரில் அனுப்பவைக்கிறான். அதற்குள் மந்திரிசபை போய்விட்டிருக்கிறது.