அச்சு எப்படி நிற்கிறது

120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் கேபினெட் ஃபேன் ஒன்றை யாராவது கையில் கொடுத்தால், முதலில் அதைச் சுவர்போல நிமிர்த்திப் பிடித்து விரலால் ஒரு சுண்டு சுண்டுவேன். பிறகு சாப்பாட்டுத் தட்டு மாதிரி கிடத்தி இன்னொரு சுண்டு. கடைசியாகக் கவிழ்த்துப் பிடித்து மூன்றாவது. மூன்று தடவையும் ஒரே மாதிரி சுற்றி, ஒரே மாதிரி தளர்ந்து, ஓசையில்லாமல் நின்றால் மனசுக்குள் ஒரு நிறைவு வரும். கவிழ்த்தபோது மட்டும் ரோட்டார் ஒரு மயிரிழை கீழே இறங்கி ‘டிக்’ என்று தட்டினால், அந்த ஃபேன் எங்கே போகக்கூடாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் காற்றின் அளவையும் டெசிபல் கணக்கையும் பார்த்து ஃபேன் வாங்குகிறோம். அது எந்த நிலையில் மாட்டப்படப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் நம் வீட்டு மின்விசிறிகளைச் செய்தவர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். டேபிள் ஃபேனின் அச்சு படுத்திருக்கிறது. அதற்கு வெண்கல புஷ் போதும், பக்கத்தில் எண்ணெய் ஊறிய ஒரு துண்டு கம்பளி. சீலிங் ஃபேனின் அச்சு நிமிர்ந்திருக்கிறது, மொத்தக் கனமும் தொங்குகிறது. அதனால் உள்ளே பால் பேரிங். ஒரே வீட்டில், ஒரே காற்றுக்கு, இரண்டு விதமான தாங்கல்கள்.

கம்ப்யூட்டர் ஃபேனிலும் விஷயம் இதுதான், அளவு மட்டும் சிறியது. மலிவான ஃபேன்களுக்குள் இருப்பது வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்த புஷ். அதன் கண்ணுக்குத் தெரியாத துளைகளில், கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எண்ணெய் ஊறியிருக்கும். அச்சு சுற்றும்போது எண்ணெய் கசிந்து வந்து படலமாகிறது. நின்றதும் துளைக்குள் திரும்புகிறது. ஃபேனைச் சுவரில் மாட்டினால் அச்சு படுத்துக்கொள்கிறது, எடை புஷ்ஷின் நீளம் முழுக்கப் பரவுகிறது. அந்த நிலையில் இந்த எளிய ஏற்பாடு வருஷக்கணக்கில் மௌனமாக உழைக்கும். புதிதாக இருக்கும்போது புஷ் ஃபேனைவிட அமைதியானது அபூர்வம் என்று தயங்காமல் சொல்வேன்.

அதையே கேபினெட்டின் மேல்மூடியில் கிடத்தினால் கதை மாறுகிறது. என்னிடம் அப்படிச் செத்த ஃபேன் ஒன்று இருக்கிறது. நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து, ரப்பர் மூடியை நெம்பி, அச்சின் நுனியில் மாட்டியிருந்த வெள்ளை நைலான் வளையத்தை ஊசியால் கழற்றினேன். ரோட்டார் கையோடு வந்தது. பளபளவென்று இருந்திருக்க வேண்டிய எஃகு அச்சில் காப்பி டிகாஷன் காய்ந்த மாதிரி பழுப்புப் பூச்சு. ரோட்டார் குடத்தின் உள்விளிம்பில் வெளியேறிய எண்ணெய், அதில் அப்பிய தூசி. நைலான் வளையத்தின் ஒரு முகம் தேய்ந்து மினுங்கியது. எண்ணெய் அச்சு வழியே இறங்கியிருக்கிறது; மிச்சத்தை மேலெழுந்த சூடு உலர்த்தியிருக்கிறது. கேபினெட்டிலேயே வெப்பமான இடம் மேல்மூடிதான் என்பதால் அங்கே புஷ்ஷுக்கு அடி இரண்டு பக்கத்திலிருந்தும் விழுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண கேபினெட் ஃபேன், குறுக்குச் சட்டம் இருக்கிற பக்கமாகத்தான் காற்றைத் தள்ளும். ஆகவே காற்றை மேல்நோக்கித் தள்ளும் எந்த ஃபேனிலும் சட்டம் மேலே, ரோட்டார் கீழே. அதாவது ரோட்டார் தொங்குகிறது. மேல்மூடியிலிருந்து வெளியே ஊதுவதும், அடியிலிருந்து உள்ளே இழுப்பதும் இந்த வகையில் ஒன்றே. படுத்திருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் வயிற்றிலிருக்கும் ஃபேன்களும் அப்படித்தான். காற்றை மேலே தள்ளுவதால் அதன் எதிர்விசை ரோட்டாரைக் கீழே அழுத்துகிறது; புவியீர்ப்பும் அதே பக்கம் இழுக்கிறது. சீலிங் ஃபேன் கொடுத்துவைத்தது. அது கீழே ஊதுவதால் எதிர்விசை மேல்நோக்கி, தொங்கும் பாரம் கொஞ்சம் குறைகிறது. கேபினெட்டில் இந்த இரண்டு இழுப்பையும் எதிர்த்து ரோட்டாரை மேலே பிடித்துவைப்பது காந்தம். ரோட்டாரின் காந்தத்தையும் உள்ளிருக்கும் இரும்புக் கருவையும் வேண்டுமென்றே ஒரு துளி விலக்கி அமைப்பார்கள். காந்தம் கருவோடு நேராக வரப் பார்த்து ரோட்டாரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இழுப்பு போதவில்லை என்றால் வருவதுதான் அந்த ‘டிக்’.

இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டார்கள். புஷ்ஷின் உட்சுவரில் திருகுபோல வரி வெட்டி, வழியும் எண்ணெயைத் திரும்ப ஏற்றுவது ரைஃபிள் பேரிங். மீன்முள் வடிவத்தில் வரிகள் வெட்டி, சுழற்சியின் வேகத்தாலேயே எண்ணெயை நடுவுக்குத் தள்ளி அழுத்தம் உண்டாக்குவது திரவ இயக்கப் பேரிங். சுழலும்போது அச்சு உலோகத்தைத் தொடுவதே இல்லை, எண்ணெயில் மிதக்கிறது. தைவானின் சனான் காந்தப் பாதையாலேயே ரோட்டாரைத் தன் இடத்தில் கட்டிவைத்து, அதற்கு மேக்லெவ் என்று பேர் வைத்தது.

பால் பேரிங்குக்கு நிலை ஒரு பொருட்டே இல்லை. நிமிர்த்து, கிடத்து, கவிழ், ஒன்றும் சொல்லாது. அதன் குறை குரல்தான். நெருங்கிக் கேட்டால் மணல் உருளும் மாதிரி ஒரு சன்னமான ஓசை. கீழே போட்டுவிட்டால் குண்டுகள் பதிந்து தழும்பு விழுந்து, பிறகு அந்தக் குரல் போகவே போகாது. அதனால் நிடெக் சர்வோவின் ஜென்டில் டைஃபூனை நினைத்தால் இன்றும் மரியாதை வருகிறது. இரட்டைப் பால் பேரிங் போட்ட ஃபேனிலிருந்து அப்படி ஒரு வழவழப்பான, ஒரே சுருதியில் நிற்கும் ஓசை வரும் என்று அதைக் கேட்கும்வரை நான் நம்பியதில்லை. படுக்கை நிலைக்கு என்றே பிறந்த மாதிரி இருக்கும்.

ஆஸ்திரியாவின் நாக்டுவா 2018ல் கொண்டுவந்த என்எஃப்-ஏ12×25 இன்னொரு தினுசு. அதன் பழுப்பு நிறத்தைக் குறை சொல்பவர்கள் இறக்கை நுனிக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்: 0.5 மில்லிமீட்டர். சூட்டிலும் சுழற்சியிலும் சாதாரண பிளாஸ்டிக் நாளடைவில் நீண்டு உரசிவிடும் என்பதால், நீளாத ஒரு பாலிமரில் இறக்கைகளை வார்த்திருக்கிறார்கள். பேரிங் எண்ணெய் அழுத்த வகை. கூடவே ஒரு காந்தம் அச்சை நேராக நிறுத்துகிறது. ஆயுள் 1,50,000 மணி நேரத்துக்கு மேல் என்கிறார்கள், அதாவது ஓயாமல் ஓடினால் 17 வருஷம். காசு கூடுதல்தான். மேல்மூடிக்கும் அடித்தளத்துக்கும் அந்தக் காசு தகும். பின்சுவருக்கு அவசியமில்லை என்பது என் கட்சி.

சில்வர்ஸ்டோனின் எஃப்டி02 போன்ற கேபினெட்டுகளைப் பார்த்தால் பேரிங் தேர்வின் அருமை புரியும். மதர்போர்டை 90 டிகிரி திருப்பி, அடித்தளத்தில் மூன்று 180 மில்லிமீட்டர் ஃபேன்களைக் கிடத்தி, புகைபோக்கி மாதிரி காற்றைக் கீழிருந்து மேலே அனுப்பும் அமைப்பு. மூன்று பெரிய ரோட்டார்களும் நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டே சுற்ற வேண்டும்.

என் கேபினெட்டின் மேலே இப்போது இருப்பவை இரண்டும் திரவ இயக்க வகை. அவை வருவதற்கு முன் அங்கே செத்த ஃபேனோடு இணையாக வாங்கிய இன்னொரு புஷ் ஃபேனும் இருந்தது. அதுவும் குருவி மாதிரி கீச்சிட ஆரம்பித்திருந்தது. தூக்கிப்போட மனம் வராமல், தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பின்சுவரில் நிமிர்த்தி மாட்டினேன். மூன்றாவது நிமிஷம் கீச்சு நின்றது. இதை எழுதும்போதும் முதுகுப்பக்கத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. காது கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.