பாதி மூளை போதுமா?

கனடா நாட்டு மனநல மருத்துவர் நார்மன் டாய்ஜ் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூல் 'தி பிரெய்ன் தட் சேஞ்சஸ் இட்செல்ஃப்'. 'தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் மூளை' என்பது தலைப்பின் பொருள். இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதைப் படித்த என் மாணவர் ஒருவர், "பாதி மூளையே போதும் என்றால், மூளைக்கட்டிக்கு ஏன் சார் பயப்பட வேண்டும்?" என்றார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு பணிக்கும் மூளையில் மாறாத ஓரிடம் உண்டு; அது கெட்டால் பணியும் போயிற்று என்ற பழைய கருத்தை ஆசிரியர் தெளிவான நடையில் மறுக்கிறார். இறுதி அத்தியாயத்தில், இடது அரைக்கோளம் பெரும்பாலும் இல்லாமலே பிறந்த ஒரு பெண்ணைக் காண்கிறோம். நம்மில் பெரும்பாலோருக்கு இடப்புறம் அமையும் பேச்சாற்றல், அவருக்கு வலப்புறத்தில் அமைந்துவிட்டது! ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. வெளியே சென்றால் அவர் எளிதில் வழி தவறிவிடுவார். இடத்தையும் திசையையும் அறிவதில் வலப்புறத்துக்குப் பெரும் பங்கு உண்டல்லவா? அங்கே பேச்சும் குடியேறியதால் நெருக்கடி. ஆசிரியர் இதை மறைக்கவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வெற்றிக் கதைகளை அடுத்தடுத்துப் படிக்கும் வாசகர், எந்த மூளையும் எச்சேதத்தையும் ஈடுசெய்துவிடும் என்று எண்ணிவிடுகிறார். சேதம் எந்த வயதில், எவ்வளவு வேகத்தில் நேர்ந்தது என்பதை ஆசிரியர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆற்றுப் பாலம் ஒரே இரவில் இடிந்தால் ஊர் முடங்கிப் போகும். அதே பாலம் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சிதைந்தால், மக்கள் வேறு வழிகளைப் பழகிக்கொள்வர். பக்கவாதம் முதல் வகை. மெல்ல வளரும் கிளையோமா என்ற கட்டி இரண்டாம் வகை. இக்கட்டியின் விட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான் கூடுகிறது. அதற்குள் கட்டியைச் சூழ்ந்த பகுதிகளும், அதே அரைக்கோளத்தின் பிற பகுதிகளும், சில வேளை எதிர் அரைக்கோளமும் பணியை ஏற்றுக்கொள்கின்றன. பிரான்சின் மோன்பெல்லியே நகர அறுவை மருத்துவர் டுஃபோ, நோயாளியை விழிக்கச் செய்து பேச வைத்தபடியே இத்தகைய கட்டிகளை அகற்றுபவர். பேச்சுக்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்ட புரோக்கா பகுதியைக் கட்டியுடன் நீக்கிய பின்பும் பேசியவர்கள் உண்டு. ஆயினும் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள் அறுந்தால் ஈடுசெய்தல் அரிது என்பதையும் அவரே வலியுறுத்துகிறார்.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். மூளை ஈடுசெய்வது வரம்தான். ஆனால் அதுவே ஒரு திரையும் ஆகிறது. பேச்சும் நடையும் சீராக இருக்க, கட்டி உள்ளே வளர்ந்துகொண்டே போகும். பல நேரங்களில் திடீரென வரும் வலிப்பே முதல் அடையாளம். எனவே, வளர்ந்த ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இந்நூலைப் படியுங்கள், பிறருக்கும் கொடுங்கள். ஆனால் நோயுற்ற ஒருவரிடம் அதைக் காட்டி, 'முயன்றால் உன்னாலும் முடியும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் மூளைக்குக் கிடைத்த காலம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது.