கருவிக்கு வாடகை

ஓவியன் விலைகொடுத்து வாங்கிய தூரிகை தேயும்வரை அவனுடையது. கணினியில் வரையும் கலைஞர் பலர் இவ்வுரிமையை இழந்துவிட்டனர். 1990இல் வெளிவந்த போட்டோஷொப்பை ஒருமுறை வாங்கியோர், புதிய பதிப்பு வேண்டாதவிடத்துப் பழையதையே ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தினர். 2013 மே மாதத்தில் அடோபி நிறுவனம், இனிவரும் பதிப்புகள் யாவும் சந்தாதாரருக்கே என அறிவித்தது.

முதற்செலவு குறைந்தது, புதுமைகள் உடனுக்குடன் கிடைக்கின்றன என்பர் இம்முறையை ஆதரிப்போர். பெருந்தொகையை ஒருங்கே செலுத்த இயலாத மாணவனுக்கு இது வாய்ப்பே என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின், வாடகை நின்றதும் கருவியும் நின்றுவிடுகிறது. தான் படைத்ததன் மூலக்கோப்பைப் பிறிதொரு மென்பொருள் முழுமையாகத் திறக்கும் என்ற உறுதியும் கலைஞனுக்கு இல்லை. குத்தகைக்கு உழுபவனுக்கேனும் விளைந்த நெல்லில் ஒரு பங்கு மிஞ்சும். இவனுக்கோ விளைச்சலின் பூட்டும் பிறர் கையில்!

2019 ஒக்ரோபரில், அமெரிக்க அரசாணையைக் காட்டி, வெனிசுவேலா மக்களின் கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அரசின் அனுமதி பெற்று அம்மாத முடிவிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டது. எனினும், ஒரு நாட்டுக் கலைஞர் அனைவரதும் தொழிலைத் தொலைவிலிருந்தே நிறுத்தும் வல்லமை அதற்கு உண்டென்பது வெளிப்பட்டதன்றோ?

மாற்று வழி இல்லாமலில்லை. 2002இல் பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளை விடுவிக்கப் பயனர்கள் ஏழே வாரங்களில் 100,000 யூரோ திரட்டினர். இன்று அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், மாற்றியமைக்கவும் செய்யலாம்.

உற்பத்திக் கருவி யாருக்குரியது என்று ஆலை வாயிலில் கேட்ட நாம், அதே வினாவைக் கலைக்கூடத்திலும் எழுப்புவோமாக.