தேராது தெளிதல்: தாம்பரத்திலிருந்து புறப்பட்டுக் காணாமற்போன வானூர்தி பற்றிய ஊகங்களும் மணிமேகலையின் அளவையியலும்

ஆய்வுச் சுருக்கம்

2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏஎன்-32 வானூர்தி வங்காள விரிகுடாவின் மேல் காணாமற்போனது. அதனுடையவை எனக் கருதத்தக்க சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. இடைப்பட்ட ஏழரை ஆண்டுகளில் துறைசாராதோரிடையே நிலவிய ஊகங்களையும், இத்தகைய நிகழ்வுகளில் வழக்கமாக எழும் ஊகங்களையும் மணிமேகலை கூறும் அளவைகள், அளவைப் போலிகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை திறனாய்கிறது. ஊகித்தல் குற்றமன்று, ஐயமாக நிற்க வேண்டியதை ஆராயாமலே முடிவாக அறிவித்தலே குற்றம், அதன் விலையைக் கொடுப்போர் ஊகிப்போர் அல்லர், காத்திருப்போரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, அளவையியல், தேராது தெளிதல், ஆதிரை, ஏஎன்-32, தாம்பரம், ஊகம்

முன்னுரை

சிட்லபாக்கத்திலும் அதனை அடுத்த சேலையூர், கிழக்குத் தாம்பரம் பகுதிகளிலும் வாழ்வோருக்கு விமானப்படைத் தளத்தின் விமான ஒலி பழகிப்போன ஒன்று. தலைநிமிர்ந்து பார்ப்பவர் அரிது. 2016 ஜூலை 22 வெள்ளிக்கிழமை காலை 8.30 மணியளவில் அத்தளத்திலிருந்து எழுந்த கே2743 என்னும் எண்ணுடைய ஏஎன்-32 வானூர்தியும் அவ்வாறே கவனிக்கப்படாமல் கிழக்கு நோக்கிச் சென்றிருக்கும். அது 11.45 மணியளவில் போர்ட் பிளேரை அடைந்திருக்க வேண்டும், அடையவில்லை. முப்படையினரும், கடலோரக் காவல்படையைச் சார்ந்தவரும், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கின் குடிமைப் பணியாளர் எண்மரும் அதில் இருந்தனர்.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கிக் கப்பலும் செயற்கைக்கோள் படங்களும் தேடலில் ஈடுபடுத்தப்பட்டன. 2016 செப்டம்பர் நடுப்பகுதியில் தேடல் நிறுத்தப்பட்டு, 29 பேரும் இறந்தவராகக் கருதப்படுவர் என்று குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது. உடலும் இல்லை, உடைந்த துண்டும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஊகங்கள் வளர்ந்தன.

இவ்வூகங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது, அதனால் விளைவதொன்றுமில்லை. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சான்றிலிருந்து ஏதோ ஒரு முடிவுக்குச் செல்லும் வாதங்களே. ஆகவே அவற்றை வாதங்களாகவே கொண்டு ஆராய்வது தகும். அதற்குரிய கருவி தமிழிலேயே உள்ளது.

மணிமேகலை தரும் அளவுகோல்

சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை முதலில் வினவுவது அளவைவாதியையே. அவன் காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம், மீட்சி என்னும் ஒழிவறிவு, எய்தியுண்டாம் நெறி எனப் பத்து அளவைகளை விளக்குகிறான். அதனைத் தொடர்ந்து எட்டுப் பிரமாண ஆபாசங்களையும் கூறுகிறான். இங்கு ஆபாசம் என்பது இக்காலப் பொருளில் வழங்கவில்லை. அளவைபோலத் தோன்றி அளவையாகாத போலி என்பதே அதன் பொருள். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை.

இப்பட்டியல் காப்பியத்தின் இறுதி முடிபு அன்று. பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் காண்டலும் கருத்தளவுமே அளவைகள் என்றும், ஏனையவை கருத்தளவில் அடங்கும் என்றும் உரைப்பதே பௌத்தக் காப்பியமாகிய இதன் நிலைப்பாடு. எனினும், மனிதர் எவ்வெவ்வாறு தவறாக அறிகின்றனர் என்பதை நுணுகிப் பிரித்துக் காட்டும் வகையில் அளவைவாதியின் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. குறிப்பாக, ஐயத்தையும் தேராது தெளிதலையும் அது தனித்தனியே வைப்பது கருதத்தக்கது. தொலைவில் நிற்பது தறியோ மனிதனோ என மயங்குவது ஐயம். ஆராயாமலே தறியை மனிதன் என்று முடிவு செய்வது தேராது தெளிதல். முன்னதில் மனம் இன்னும் திறந்திருக்கிறது, பின்னதில் மூடிவிடுகிறது.

ஊகங்களும் அளவைப் போலிகளும்

காணாமற்போனவர் ஒருவரின் கைப்பேசி ஒலிக்கிறது என்ற செய்தி 2016ஆம் ஆண்டு நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இடம்பெற்றது. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் எம்எச்370 குறித்தும் இதே செய்தி முன்னர் எழுந்திருந்தது. கைப்பேசி ஒலிக்குமாயின் அது நீருக்கடியில் இல்லை. நீருக்கடியில் இல்லையாயின் உரியவர் உயிரோடிருக்கலாம் என்பது வாதம். அழைப்பவர் காதில் கேட்பது மறுமுனைக் கருவியின் மணியன்று. தொலைபேசி வலையமைப்பு அழைப்பவருக்கு அனுப்பும் குறியொலி. மறுமுனைக் கருவியை வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கும்போதே அது கேட்கக்கூடும். அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருப்பினும் கேட்கும். ஆகவே இது இப்பியை வெள்ளி எனக் கொள்ளும் திரியக்கோடல். குடும்பத்தார் அவ்வாறு கொண்டதில் வியப்பில்லை. அன்பு கேட்க விரும்பியதைக் கேட்டது. அதனைச் சான்று என உறுதிப்படுத்தி மேலும் பரப்பிய பிறருக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்தது ஒழிவறிவின் வடிவில் அமைந்த வாதம்: கடலில் விழுந்திருந்தால் துண்டுகள் மிதந்திருக்கும், மிதக்கவில்லை, ஆகவே விழவில்லை, ஆகவே எங்கோ இறங்கியிருக்கிறது. இராமன் வென்றான் என்பதிலிருந்து இராவணன் தோற்றான் என அறிவதே மீட்சிக்குக் காப்பியம் தரும் சான்று. அங்கு இருவரே போர் செய்தனர். ஒருவர் வென்றால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். இங்கு வழிகள் இரண்டு மட்டும் அல்ல. மிதந்தவை தேடுவோர் சென்றடையுமுன் சிதறியிருக்கலாம்; பெரும்பகுதி அப்படியே மூழ்கியிருக்கலாம். ஓரிடத்தில் ஒரு பொருள் இல்லை எனக் கொள்ளும் அபாவ அளவையும் அவ்விடம் முழுதும் பார்க்கப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும். அக்கடலின் தரை அன்று முழுதும் பார்க்கப்படவில்லை.

உவமத்தின் வழி எழும் வினா இவற்றினும் வலுவானது. 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் தமிழகக் கடற்பகுதியில் மறைந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதன் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. அதனைக் கண்டவர்கள் இதனை ஏன் காணவில்லை என்ற வினா நியாயமானதே. ஆனால் டோர்னியரின் ஒலிக்குறிப்புக் கருவி நீருக்கடியிலிருந்து விடுத்த ஒலியைச் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது. ஏஎன்-32இல் அத்தகைய கருவி இருக்கவில்லை, ஆழமும் பன்மடங்கு. ஒப்புமை பொருந்தாத இடத்தில் உவமம் அளவையாகாது. அதே வேளையில், வினாவை எழுப்பியோர் விட்டுவிட்ட உண்மையான குறை ஒன்று உண்டு. கடலைக் கடந்து பறக்கும் படை விமானத்தில் அக்கருவி ஏன் இல்லை என்பதே ஆட்சியாளரிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மறைவான சதியைத் தேடிய ஊகம் வெளிப்படையாக இருந்த குறையைத் தவறவிட்டது.

மரத்தில் பேய் உண்டு என உலகோர் வழிவழியாகக் கூறுவதை ஏற்பது ஐதிகம். வங்காள விரிகுடாவைப் பெர்முடா முக்கோணத்தோடு இணைக்கும் பேச்சும், 1986 மார்ச் 25 அன்று அரபிக்கடலின் மேல் மறைந்த மற்றோர் ஏஎன்-32ஐ இதனோடு சேர்த்து ‘மர்மத் தொடர்’ அமைப்பதும் இவ்வகையின. எம்எச்370 டியேகோ கார்சியா தீவில் இறக்கப்பட்டது என்பது போன்ற கதைகளுக்கு முயற்கோடு போன்ற இல்வழக்கு என்ற பெயரே பொருந்தும். பிறர் சொன்னதாலேயே, காரணமின்றி, இவர் தாய் இவர் தந்தை எனக் கருதுவது நினைப்பு. பலர் கூறினர் என்பதைத் தவிர வேறு வலுவில்லாத ஊகங்கள் யாவும் இதில் அடங்கும்.

இவை அனைத்தினும் கருதத்தக்கது கண்டுணராமை. புலி அண்மையில் வந்ததைக் கண்டும் அதனைப் புலியென உணராதிருத்தலைக் காப்பியம் இதற்குச் சான்றாக்குகிறது. சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்திலிருந்து வானூர்தி இடப்புறம் திரும்பி விரைவாக உயரம் இழந்ததைச் சென்னை ரேடார் பதிவு செய்தது என்பது தொடக்க நாள்களிலேயே வெளியிடப்பட்ட செய்தி. அவர்களிடம் இருந்த சான்றுகளுள் மிக வலிய சான்று அதுவே. அது சுட்டிய முடிவு தாங்கற்கரியதாக இருந்தது. ஆகவே பலர் அதனைக் கண்டும் உணரவில்லை.

துறைசாராதோர் செய்யக்கூடியது

குறை துறைசாராமையில் இல்லை. எம்எச்370 நிகழ்வில் அமெரிக்க வழக்கறிஞர் பிளெயின் கிப்சன் வான்பயண வல்லுநர் அல்லர். அவர் தம் செலவில் இந்தியப் பெருங்கடலின் கரைகளில் நடந்து தேடினார். 2016இல் மொசாம்பிக் கடற்கரைப் பகுதியில் கிடைத்த துண்டினை ஆய்வாளரிடம் சேர்ப்பித்தார். அது பெரும்பாலும் உறுதியாக அவ்விமானத்தினுடையதே என ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையினர் முடிவு செய்தனர். அவரும் ஓர் ஊகத்தோடுதான் புறப்பட்டார். ஊகத்தைக் காண்டலின்முன் நிறுத்தினார். தெளிவைப் பிறர் சோதனைக்கு விட்டார். தேர்ந்து தெளிதல் என்பது இதுவே.

மறுபுறம், தேர்ந்து தெளிதல் கற்றோரிடம் எப்போதும் காணப்படுவதும் அன்று. மணிமேகலையிலேயே கடலில் காணாமற்போன குழந்தை ஒன்று உண்டு. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்த மகன், கம்பளச்செட்டியின் கலத்தில் வரும்போது கலம் உடைய, மறைந்துபோகிறான். அவன் என்னவானான் என்று காப்பியம் சொல்லவில்லை. பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர், நாககன்னி தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விட்ட மகன் திரையால் கரைசேர்ந்து திரையன் எனப் பெயர் பெற்ற கதையைக் கூறுகிறார். ஒருபுறம் காணாமற்போன குழந்தை. மறுபுறம் கடலிலிருந்து வந்த குழந்தை. இருவரையும் ஒருவராக்கிய ஆய்வுகள் உள்ளன. ஒன்றில் வணிகனின் கலம், மற்றதில் கடலில் விடப்பட்ட மிதவை. ஒன்றில் தொண்டைக்கொடி இல்லை. இவ்வேற்றுமைகளை எதிர்கொள்ளாமல் இருவரும் ஒருவரே என எழுதுவதும் தேராது தெளிதலே. ‘ஒருவராக இருக்கலாம்’ என்று நிறுத்துவது ஆய்வு.

ஆதிரை கேட்ட செய்தி

பழங்கதையில் இத்தவறு யாரையும் துன்புறுத்துவதில்லை. காத்திருப்பவர் உள்ள இடத்தில் அவ்வாறன்று. ஆதிரை பிச்சையிட்ட காதை இதனை உணர்த்துகிறது. சாதுவன் சென்ற கலம் புயலில் உடைகிறது. தப்பி வந்தோர், இருளில் மாண்டவரோடு அவனும் மாண்டான் என்று புகாரில் கூறுகின்றனர். அவர்கள் பொய்யர் அல்லர். கலம் உடைந்ததைக் கண்ணால் கண்டவர்கள். ஆனால் சாதுவன் இறந்ததை அவர்கள் காணவில்லை. கண்டதோடு காணாததையும் சேர்த்து ஒரே செய்தியாக உரைத்தனர். அதை நம்பி ஆதிரை தீ மூட்டிப் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் நாகர் மலையில் உயிரோடிருப்பதாக அசரீரி உரைத்தது. பின்னர் அவன் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் திரும்பினான்.

இக்காதையைக் காட்டி, ‘எவரும் திரும்பலாம்’ என்று வாதிடுவோர் இருக்கலாம். காதை சொல்வது அதுவன்று. அறியாததை அறிந்ததாக உரைக்கும் ஒரு சொல் இன்னொருவரை நெருப்பு வரை கொண்டுசெல்லும் என்பதே அதன் எச்சரிக்கை. காப்பியத்தில் தீ குளிர்ந்தது; வாழ்வில் குளிர்வதில்லை. ‘இறந்தான்’ என்ற தேராத சொல் ஆதிரையைச் சுட முயன்றது. ‘இருக்கிறார்’ என்ற தேராத சொல்லும் அவ்வாறே சுடும். ஈமக்கடன் செய்வதா வேண்டாவா, நெற்றியில் பொட்டு வைப்பதா அழிப்பதா என்ற கேள்விகளை ஒவ்வொரு புதிய ஊகமும் மீண்டும் எழுப்பும். இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியோர் ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றி ஏதும் அறியாதிருப்பின், அவர் உயிரோடிருக்கிறார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பை அவ்வாறு கூறுவோர்மேல் 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு வைத்தது. ஊகிப்போரிடமும் அப்பொறுப்பைக் கேட்பது மிகையாகாது.

முடிவுரை

2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தன்னியக்க நீர்மூழ்கிக் கலம், சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், விமானச் சிதைவுகளை ஒலியலைக் கருவிகளாலும் ஒளிப்படங்களாலும் பதிவு செய்திருந்தது. படங்கள் ஏஎன்-32 வானூர்தியோடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. முதலில் காண்டல், பின்னர் ஒழிவறிவு. ஊகிப்போர் கையாண்ட அதே அளவை இங்குக் கடலின் தரையைப் பார்த்த பின் கையாளப்பட்டது. அதன் பின்னரும் அறிக்கை, சிதைவுகள் அவ்வானூர்தியினுடையவையாக இருக்கக்கூடும் என்ற அளவிலேயே நின்றது. படத்தைக் கையில் வைத்திருந்தோர் ‘இருக்கக்கூடும்’ என்றனர். ஏதும் இல்லாதோர் ‘உறுதி’ என்றிருந்தனர்.

அக்கழகம் இருப்பது தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையில்; சிட்லபாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவு. ஊகங்கள் தொலைதூரத் தீவுகளைச் சுற்றி வந்தபோது, விடைக்கான கருவி அண்டை ஊருக்கே வந்து சேர்ந்தது. விடை வருவதற்கு ஏழரை ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் ஐயத்தை ஐயமாகவே வைத்திருத்தல் எளிதன்று. எனினும், காத்திருப்போர்க்குப் பிறர் செய்யக்கூடிய குறைந்த அளவு அறம் அதுவே: கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும் பிரித்துச் சொல்லுதல்.