வனெஸ்ஸா என்று ஒரு பெயர்

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கென்று வரும் ஆங்கிலப் புத்தகங்களில் வனெஸ்ஸா என்றால் பட்டாம்பூச்சி என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். கிரேக்க மூலம் காட்டுகிறவர்களும் உண்டு. இரண்டும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. பூச்சியியலாளர் ஃபேப்ரீஷியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு இந்தப் பெயரை வைத்தது 1807ல். பெயரோ அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே ஜொனாதன் ஸ்விஃப்ட் தன் கையால் செய்தது.

அவரைக் காதலித்த எஸ்தர் வானம்ரி, டப்ளினில் குடியேறிய டச்சு வியாபாரியின் மகள். குடும்பப் பெயரின் தலையைக் கிள்ளி, எஸ்தரின் செல்லக் குறுக்கமான 'எஸ்ஸா'வை அதோடு சேர்த்தார் ஸ்விஃப்ட். 1713 வாக்கில் எழுதிய 'கெடீனஸும் வனெஸ்ஸாவும்' என்ற நீண்ட கவிதைக்காக இந்த வேலை.

இதை ஸ்விஃப்ட்டின் விளையாட்டுப் புத்தி என்று சொல்லி நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. தனக்கு அவர் வைத்துக்கொண்ட பெயரையும் பார்க்க வேண்டும். 'டீன்' என்ற தன் தேவாலயப் பதவிக்கான லத்தீன் சொல் 'டெகானுஸ்'. அதன் எழுத்துக்களை இடம் மாற்றினால் கெடீனஸ். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. பதவி முழுசாக உள்ளே இருக்கிறது. அவளுக்கு மிஞ்சியது இரண்டு துண்டுகள். கவிதைக்குள் அவள் சளைத்தவளல்ல. ஆசிரியர் சொல்லிக்கொடுத்த பாடங்களை வைத்தே அவரை மடக்குகிறாள். அவர் காதலுக்குப் பதில் நட்பைத் தருவதாகச் சொல்லிப் பின்வாங்குகிறார். கடைசியில் என்ன ஆயிற்று என்பதைக் கவிதை சொல்ல மறுக்கிறது. அந்த மறைப்பு பெயரிலேயே தொடங்கிவிட்டதாக எனக்குப் படுகிறது.

ஸ்விஃப்ட் 'ஸ்டெல்லா' என்று அழைத்த இன்னொருத்தியும் எஸ்தர்தான், எஸ்தர் ஜான்சன். ஸ்டெல்லா ஏற்கனவே கவி ஸிட்னி கையாண்ட பெயர். ஆக இரண்டு எஸ்தர்கள். இலக்கிய சரித்திரத்தில் இருவரும் எஸ்தராக நிற்கவில்லை. (வண்ணநிலவன் தன் கதைக்கு 'எஸ்தர்' என்று மட்டும் தலைப்பு வைத்ததன் கௌரவம் இதைப் படிக்கும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.)

வனெஸ்ஸா உடனே வீடுகளுக்குள் போய்விடவில்லை. வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா, ஓவியர் வனெஸ்ஸா பெல், 1879ல் பிறந்தபோது அது அபூர்வமான பெயர்தான். அமெரிக்காவில் பரவலானது 1950களுக்குப் பிறகு. ஸாமுவெல் பார்பரின் 'வனெஸ்ஸா' இசைநாடகம் 1958ல் மேடையேறியது. இதற்குள் பட்டாம்பூச்சி நன்றாக உட்கார்ந்துவிட்டது. அழகான அர்த்தம் கிடைத்தபின் டப்ளின்காரி எதற்கு?

எஸ்தர் வானம்ரி 1723ல் இறந்தாள். கவிதை அச்சில் வந்தது 1726ல். சாவதற்குச் சற்று முன் எழுதிய உயிலில் சொத்தின் பெரும்பகுதியை அவள் இரண்டு பேருக்கு விட்டிருந்தாள். அதில் ஒருவர் தத்துவவாதி பார்க்லி. அவளுக்கு அதிகம் பழக்கமில்லாதவர். உயிலில் எங்கும் ஸ்விஃப்ட்டின் பெயர் இல்லை.